தொண்ணூற்றோராம் நாள்

மாடி வீட்டுப் பெண் மாலை ஐந்து மணிக்கு டீ குடிக்க வந்தாள். வழக்கமாக வருபவள்தான். அன்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டாம் வகுப்பில் ஒரு மகன், இரண்டு பேருக்கும் வேலை, வீட்டுக் கடன். அவள் கணவருக்குக் குடி கிடையாது. அந்த வீட்டில் குரல் உயர்ந்து நான் கேட்டதும் கிடையாது.

"சண்டையே இல்லக்கா. அதான் பிரச்சனையோன்னு தோணுது. ரூம்மேட் மாதிரி இருக்கோம். கேஸ் புக் பண்ணியாச்சா, ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சா, இதைத் தாண்டிப் பேசி மாசக்கணக்காச்சு. அம்மாகிட்ட சொன்னா சிரிக்கிறாங்க. ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்தானேடின்னு சொல்றாங்க."

அந்தப் பழமொழிக்கு ஒரு வாலும் உண்டு. தொண்ணூறு நாளும் போனால் துடைப்பக்கட்டை என்று முடியும். இதைச் சொல்லியே நம் ஊரில் எத்தனையோ பெண்களின் வாயை அடைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பழமொழியில் பாதிதான் உடன்பாடு. எந்தப் பாதி என்று அவளுக்கு இரண்டு டம்ளர் டீ முடியும்வரை சொன்னேன். நான் மருத்துவரும் இல்லை, ஆலோசகரும் இல்லை. இருபத்தாறு வருஷம் ஒரே ஆளோடு குடித்தனம் நடத்துகிறவள், கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறவள். தகுதி அவ்வளவுதான்.

பழமொழி சரியாகச் சொல்லும் பாதியை முதலில் பார்த்துவிடலாம். மூளை பழகிப்போகும். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளை வைத்து நடத்திய சோதனைகள் 1990-களில் பெரிதாகப் பேசப்பட்டன. எதிர்பாராத நேரத்தில் குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால், மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் துள்ளுகின்றன. ஓர் அடையாளம் காட்டிய பிறகுதான் சாறு வரும் என்று குரங்குக்குப் பழகிவிட்டால் துள்ளல் அந்த அடையாளத்துக்கு இடம் மாறிவிடும். சாறு விழும்போது செல்கள் தம்பாட்டுக்கு இருக்கும். சாறு அதே சாறுதான், இனிப்பும் குறையவில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் அந்தச் செல்கள் கணக்குப் பார்க்கின்றன. எதிர்பார்த்தபடியே நடந்தால் கணக்கில் மிச்சம் ஒன்றுமில்லை.

"ஆறரைக்கு வாசல்ல பைக் சத்தம் கேட்கும்னு உனக்குத் தெரியும். அதான் விஷயம்."

"அதே பைக் சத்தத்துக்கு ஒரு காலத்துல ஜன்னலுக்கு ஓடியிருக்கேன்க்கா. எங்களுது லவ் மேரேஜ் ஆச்சே." கொஞ்சம் நிறுத்தி, "அதனாலதானோ?" என்றாள்.

இந்தச் சந்தேகத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய ஆய்வு உண்டு. ஜெய்ப்பூரில் உஷா குப்தா, புஷ்பா சிங் இருவரும் 50 தம்பதிகளிடம் கேள்வித்தாள் கொடுத்து, 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். காதல் கல்யாணக்காரர்களின் மதிப்பெண் உயரத்தில் தொடங்கி, வருஷம் ஏற ஏற இறங்கியது. பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணங்களில் தாழ்வாகத் தொடங்கி மெல்ல ஏறி, ஐந்து வருஷத்துக்குமேல் மற்றவர்களைத் தாண்டிப் போனது. கல்யாண மேடையில் மைக் பிடிக்கிறவர்களுக்கு இது அல்வா மாதிரி. ஆனால் ஐம்பது தம்பதிகள் என்பது ஒரு தெருவில் அடங்கிவிடும் எண்ணிக்கை. ஒரே தம்பதியை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்ததும் இல்லை. 2012-ல் அமெரிக்காவில் வாழும் இந்தியர்கள் 58 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டபோது இரண்டு வகைக் கல்யாணத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. எப்படித் தொடங்கியது என்பதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்பது என் தீர்ப்பு.

இனி, பழமொழி தவறும் பாதி. பியான்கா அசெவேடோ, ஆர்தர் ஆரன் ஆகியோரின் குழு, கல்யாணமாகி சராசரியாக 21 வருஷம் ஆன 17 பேரை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்கவைத்து, அவரவர் துணையின் புகைப்படத்தைக் காட்டியது. புதுக் காதலர்களுக்கு மூளையில் எந்தப் பகுதி சுறுசுறுப்பாகிறதோ, டோபமைன் மிகுந்த அதே பகுதி இவர்களுக்கும் சுறுசுறுப்பானது. ஒரு விஷயத்தை ஒளிக்கக் கூடாது: அந்த 17 பேரும் "எனக்கு இன்னும் இவர்மேல் தீராத காதல்" என்று சொன்னவர்கள், அதற்காகவே தேடிப் பிடிக்கப்பட்டவர்கள். எல்லோருக்கும் இப்படி இருக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகும் இப்படி இருக்க முடியும் என்பதை மட்டும் சொல்லலாம். பழமொழியின் வாலை வெட்ட அது போதும்.

"அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் போச்சு?"

போய்விட்டது என்று யார் சொன்னது? அடைபட்டிருக்கலாம் இல்லையா? இதைத்தான் அவளுக்கு நிதானமாக விளக்கினேன்.

ஜான் பான்கிராஃப்ட், எரிக் யான்சென் என்று இரண்டு பேர் அமெரிக்காவின் கின்ஸி நிறுவனத்தில் இருந்தவர்கள். உடல் ஆசையை மூளை இரண்டு தனித்தனி ஏற்பாடுகளால் நடத்துகிறது என்றார்கள். ஒன்று தூண்டுவது, இன்னொன்று தடுப்பது. எமிலி நகோஸ்கி என்ற எழுத்தாளர் பிற்பாடு இதை ஆக்ஸிலேட்டர், பிரேக் என்று சொல்லிப் பரப்பினார். ஸ்கூட்டி ஓட்டுகிறவளுக்கு இது சட்டென்று புரிந்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் எஞ்சின் இரையுமே தவிர வண்டி நகராது. பத்திரிகைகளும் விளம்பரங்களும் நமக்குச் சொல்லித்தரும் யோசனைகள் எல்லாமே முறுக்குகிற யோசனைகள். புதுப் புடவை, செண்ட், மெழுகுவத்தி வைத்த ஓட்டல், ஊட்டிக்கு இரண்டு நாள். பிரேக்கில் இருக்கும் கையை யாரும் பார்ப்பதில்லை.

"ராத்திரி பத்து மணிக்கு உன் தலைக்குள்ள என்ன ஓடும், சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. இட்லி மாவு புளித்திருக்குமா. பையனுக்கு நாளைக்கு டிராயிங் நோட்டு. காலையில் ஆபீசில் மேலாளர் கேட்கப்போகும் அறிக்கை. ஹாலில் மாமியார் இன்னும் தூங்கவில்லை, இருமல் கேட்கிறது. பையன் நடுவில் படுத்திருக்கிறான். அறைக் கதவில் தாழ்ப்பாள் போன வருஷம் கழன்று விழுந்தது, இன்னும் மாட்டவில்லை. நாத்தனார் கல்யாணத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் பிறகு குறையாத வயிறு. சிங்க்கில் கிடக்கும் பாத்திரம்.

"இத்தனையும் ஒரே பிரேக் லீவர்லதானேம்மா தொங்குது?"

இது அவளுடைய தனிக்கதை என்று நினைத்துவிட வேண்டாம். மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் கைவைத்தவர்கள் பெண்களில் 81 சதவீதம், ஆண்களில் 26 சதவீதம். அப்படிக் கைவைத்த பெண்களின் சராசரி 299 நிமிடம், ஆண்களுடையது 97 நிமிடம். நான்கில் மூன்று ஆண்கள் கணக்கிலேயே வரவில்லை. வந்தவர்களும் ஒன்றரை மணி நேரத்தோடு சரி. இதில் குழந்தையைப் பார்ப்பதும் வயதானவர்களைப் பார்ப்பதும் சேராது, அவை தனிக்கணக்கு. மாவு புளித்திருக்குமா என்ற கவலையை நிமிடத்தில் அளக்க எந்த அலுவலகத்தாலும் முடியாது.

"அவர் நல்லவர்க்கா, சொன்னா செய்வார்" என்றாள்.

அந்த ஒரு சொல்லில்தான் எனக்குக் கோபம் வரும். என் வீட்டிலும் பதினைந்து வருஷம் இதே வசனம்தான். என்ன வேலை இருக்கிறது என்று பார்த்து, நினைவு வைத்து, சரியான நேரத்தில், அலுப்பு தெரியாத குரலில் சொல்வதும் ஒரு வேலை. அதைச் செய்கிறவள் மேலாளர், கேட்டுச் செய்கிறவர் உதவியாளர். மேலாளருக்கு உதவியாளர்மேல் மோகம் வருவது அபூர்வம். அவருக்கும் தன்னை வேலை ஏவும் மேலாளர்மேல் வராது. இரண்டு பேரும் ரூம்மேட் ஆவது இப்படித்தான்.

அவர் தலையிலும் ஒரு பட்டியல் ஓடும் என்பதையும் சொன்னேன். தவணைத் தேதி, வேலை நிலைக்குமா என்ற பயம், போன தடவை அவள் திரும்பிப் படுத்துக்கொண்டது. ஆண்பிள்ளைக்கு எந்த நேரமும் ஆசை தயாராக இருக்கும் என்று நம் சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது. அப்படித் தயாராக இல்லாதவர், தன்னிடம் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு போனுக்குள் முகத்தை வைத்துக்கொள்கிறார். சிலருக்கு உண்மையாகவே உடம்பில் காரணம் இருக்கும். சர்க்கரை நோய் ஆண்மையைப் பாதிக்கும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் ஆசையைக் குறைக்கும். பெண்களுக்கு தைராய்டு, பிரசவம், மாதவிடாய் நிற்கும் காலம், உறவின்போது வலி. இவற்றுக்கெல்லாம் டாக்டரிடம்தான் போக வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் வெட்கப்படவும் கூடாது. பயமும் அடியும் இருக்கும் வீட்டுக்கோ இந்தப் பத்தியில் எழுதியிருக்கும் எதுவும் பொருந்தாது. அங்கே தேவைப்படுவது 181 என்ற பெண்கள் உதவி எண்.

இன்னொரு தப்பெண்ணத்தையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆசை தானாக வர வேண்டும், வராவிட்டால் இல்லை என்று அர்த்தம் என அவள் நம்பிக்கொண்டிருந்தாள். வான்கூவரில் இருந்த ரோஸ்மேரி பேஸன் என்ற மருத்துவர் 2000-ல் இதைப் பற்றி எழுதினார். நெடுநாள் உறவில் இருக்கும் பல பெண்களுக்கு ஆசை முதலில் வந்து நெருக்கம் பிறகு வருவதில்லை. நெருக்கம் முன்னால் வரும், ஆசை அதன் பின்னால் நடந்து வரும். பந்தியில் உட்காரும்வரை பசி தெரியாது, இலையில் சாம்பார் விழுந்த பிறகு தெரியும் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் இலையில் உட்காருவது நம் விருப்பமாக இருக்க வேண்டும். பிடித்து உட்காரவைத்தால் பசி இன்னும் ஓடும்.

"சரிக்கா, முதல்ல என்ன செய்யட்டும்?"

"தாழ்ப்பாள் மாட்டு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பல ஆயிரம் செலவழித்து ஊட்டிக்குப் போவதற்கு முன்னால் ஹார்டுவேர் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்குவது எவ்வளவோ மலிவு. பையனை மெல்லப் பாட்டியிடம் தூங்கப் பழக்கு, மாவுக் கவலையை முழுசாக அவர் தலைக்கு மாற்று என்றேன். முழுசாக என்றால் அரிசி ஊறப்போடுவதிலிருந்து கிரைண்டர் கழுவுவதுவரை. முதல் வாரம் இட்லி கல் மாதிரி வரும், வாயைத் திறக்காமல் சாப்பிட வேண்டும். அதுதான் கஷ்டம்.

அடுப்பில் இரண்டாவது டீ கொதித்தது. அவள் கேட்காமலேயே அடுத்த விஷயத்துக்கு வந்துவிட்டேன். நெருக்கம் அதிகமானால் ஆசையும் அதிகமாகும் என்று நினைக்கிறோம். நம் முன்னோர்கள் அப்படி நினைக்கவில்லை. தொல்காப்பியம் அகத்துக்கு ஐந்து உரிப்பொருள் சொல்கிறது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். ஐந்தில் ஒன்றுதான் சேர்ந்திருப்பது. மற்ற நான்கும் பிரிவது, காத்திருப்பது, ஏங்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது. ஆசைக்குக் கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்று கண்டுகொண்டவர்கள் எழுதிய இலக்கணம் அது. ஆடி மாசம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கத்துக்குச் சொல்லும் காரணம் வேறு, சித்திரை வெயிலில் பிரசவம் ஆகக் கூடாது என்பது. ஆனால் ஆவணி முதல் தேதி மாப்பிள்ளை மாமனார் வீட்டு வாசலில் நிற்கும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வழக்கத்தின் இன்னொரு பலன் தெரியும்.

எஸ்தர் பெரெல் என்ற சிகிச்சையாளர் இந்த இடைவெளியைப் பற்றி 2006-ல் ஒரு புத்தகமே எழுதினார். துணையின்மேல் எப்போது ஈர்ப்பு அதிகமாகிறது என்று பல நாட்டு ஆட்களிடம் கேட்டதில் அடிக்கடி வந்த பதில்களில் ஒன்று, அவர் தனக்குப் பிடித்த வேலையில் மூழ்கியிருப்பதைத் தள்ளி நின்று பார்க்கும்போது என்பது. என்னைக் கவனிக்காமல், எனக்குத் தேவைப்படாமல், தன் உலகத்தில் அவர் நிற்கும்போது.

"உன் வீட்டுக்காரர் வாலிபால் ஆடுவார்னு சொன்னியே, கடைசியா எப்ப பார்த்த?"

"பையன் பொறந்ததும் விட்டுட்டார்."

"நீ பாடுவியே?"

பதில் இல்லை. குடும்பத்துக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டோம் என்று பெருமையாகச் சொல்கிற இரண்டு பேர், ஒருவருக்கொருவர் பார்ப்பதற்கு எதையும் மிச்சம் வைக்காமல் போய்விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அவர் மைதானத்துக்குப் போகட்டும். சனிக்கிழமை சாயங்காலம் அவள் பாட்டு வகுப்புக்குப் போகட்டும். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் பையனைப் பார்த்துக்கொண்டால் போதும். மாதம் ஒரு தடவையாவது மைதானத்து ஓரமாகப் போய் நின்று பார்க்க வேண்டும், கையில் காய்கறிப் பை இல்லாமல்.

தனித்தனியாக மட்டும் போனால் ரயில் இரண்டு திசையில் போய்விடும் என்பதும் உண்மைதான். ஆர்தர் ஆரன், முன்னே சொன்னவர், 2000-ல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். சில தம்பதிகளைக் கைக்குக் கை, காலுக்குக் கால் வெல்க்ரோ பட்டையால் கட்டிவிட்டு, ஒரு பஞ்சு உருளையைக் கையால் தொடாமல் தாங்கிக்கொண்டு மண்டிபோட்டுத் தவழச் சொன்னார்கள். ஏழு நிமிடம். சிரித்து உருண்டு விழுந்து முடித்தவர்கள், சும்மா ஒரு பந்தை மெதுவாக உருட்டிவிட்ட தம்பதிகளைவிட, தங்கள் உறவைப் பற்றித் திருப்தியாகப் பதில் எழுதினார்கள். ஷுல்ட்ஸின் குரங்கு இங்கேயும் வருகிறது: எதிர்பாராத சாறு. வழக்கமான ஓட்டலில் வழக்கமான நெய் ரோஸ்ட்டுக்கு அந்த வேலை நடக்காது. இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டு பேரும் கொஞ்சம் அசடு வழிய வேண்டும். நீச்சல் கற்றுக்கொள்ளலாம். எண் தெரியாத டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கலாம். காசு பெரிய விஷயமில்லை.

அன்றாடத்துக்கு வந்தால், ஜான் காட்மன் சொல்வது ஒன்றுதான் எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது. கணக்குப் படித்துவிட்டு மனோதத்துவத்துக்கு வந்த ஆள், தம்பதிகள் பேசிக்கொள்வதை வீடியோ எடுத்து எடுத்து எண்ணியவர். "மழை வர்ற மாதிரி இருக்குல்ல" என்று ஒருவர் சொல்வது வானிலைச் செய்தி கிடையாது, என்னைக் கொஞ்சம் பார் என்ற அழைப்பு. நிமிர்ந்து பார்க்கலாம், போனைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டலாம். புதுமணத் தம்பதிகளை ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்திருந்தவர்கள் அந்த அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்தவர்கள், பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்கு என்கிறார். எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். அன்று சாயங்காலம் எத்தனை தடவை "ம்" கொட்டினோம் என்று எண்ணிப் பார்த்தால் போதும். அவள் எண்ணினாள். எண்ணி முடிக்கும்போது முகம் சரியில்லை.

கடைசியாக, அவள் முதலில் சொன்ன வார்த்தைக்கு வந்தேன். சண்டையே இல்லை என்றாளே, அதுதான் எனக்கு உறுத்தியது. தமிழில் சண்டை வேறு, ஊடல் வேறு. திருக்குறளில் காமத்துப்பால் 25 அதிகாரம். அதன் கடைசி மூன்றும் ஊடலைப் பற்றியவை, புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. நூலே ஊடலின் இன்பத்தோடுதான் முடிகிறது. அது உப்பு மாதிரி அளவோடு இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் உள்ளேயே இருக்கிறது. ஊடுகிறவளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு, அவன் வந்து கேட்பான் என்று. கேட்கமாட்டான் என்று தெரிந்துபோனால் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை, கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

"நீ கடைசியா அவர்கிட்ட கோவிச்சுக்கிட்டது எப்போம்மா?"

டம்ளரைக் கீழே வைத்தாள். "போன மாசம் என் பொறந்தநாளை மறந்துட்டார். நான் ஒண்ணும் சொல்லலக்கா. சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"இன்னைக்குப் போய் சொல்லு. நல்லா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுச் சொல்லு."

ஆறரைக்கு வாசலில் பைக் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போனாள். மாடியில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் டிரில்லிங் மெஷின் கேட்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்தேன்.

இதைப் படித்துக்கொண்டிருப்பவர் கணவராக இருந்தால் ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தை நீங்களே போய்த் தேயுங்கள். குக்கரின் அடிப்பாகத்தையும் சேர்த்து. எதற்கு என்று கேட்டால் காரணம் சொல்லாதீர்கள்.